பணம் வருவதற்கு எதையும் அழுத்த வேண்டியதில்லை: இணையத்தில் பொருள் விற்போர் கவனத்திற்கு

சில மாதங்களுக்கு முன் ஒருநாள் அஸர் தொழுகை முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, நம் மஹல்லாவைச் சேர்ந்த ஓர் இளைஞர் தயங்கித் தயங்கி அருகில் வந்தார். "ஹஜ்ரத், ஒரு மஸ்அலா கேக்கணும். ஏமாந்து போன பணத்துக்கு ஜகாத் கணக்குப் பார்க்கணுமா?" என்றார்.

மஸ்அலாவுக்கு விடை சொன்ன பிறகும் அவர் எழுந்து போகவில்லை. இன்னும் ஏதோ இருக்கிறது என்று புரிந்து, பக்கத்தில் உட்காரச் சொல்லி விசாரித்தோம். அவருடைய ராத்தா வீட்டிலிருந்த வாஷிங் மெஷினை 8,000 ரூபாய்க்கு விற்பதாக இணையத்தில் விளம்பரம் போட்டிருக்கிறார். அரை மணி நேரத்துக்குள் ஒருவர் அழைத்துள்ளார். தான் ராணுவ அதிகாரி என்றும், பாளையங்கோட்டைக்கு மாற்றலாகி வருவதாகவும் அரைகுறைத் தமிழில் சொன்னவர், விலையைக் குறைத்துக் கேட்கவே இல்லை. அடையாள அட்டையின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். "கணக்கு சரிதானா பார்க்கிறேன்" என்று சொல்லி 10 ரூபாய் அனுப்ப, அது உண்மையாகவே வந்து சேர்ந்தது. அடுத்து ஒரு கியூஆர் குறியீட்டை அனுப்பி, "இதை ஸ்கேன் செய்து பின் நம்பர் போடுங்கள், முழுப்பணமும் வந்துவிடும்" என்றார். வரவேண்டிய 8,000 கணக்கிலிருந்து போய்விட்டது. பதறிக் கேட்டபோது, "தவறு நடந்துவிட்டது, இன்னொரு முறை ஸ்கேன் செய்யுங்கள், இரண்டும் சேர்ந்து திரும்பிவிடும்" என்றார். இன்னொரு 8,000மும் போனது. அதன்பின் அந்த எண்ணில் யாரும் பேசவில்லை.

"போலீஸ்ல சொன்னீங்களா?" என்று கேட்டோம். "இல்ல ஹஜ்ரத். துபாய்ல இருக்கற மச்சானுக்குத் தெரிஞ்சா ராத்தாவுக்குச் சங்கடம். உம்மாவுக்குக்கூட இன்னும் சொல்லல" என்றார். சம்பவம் நடந்து பத்து நாட்கள் ஆகியிருந்தன.

பொய் சொன்னவன் பறித்தது 16,000 ரூபாய். அதைத் திரும்பப் பெற இருந்த வாய்ப்பைப் பறித்தது அந்தப் பத்து நாள் மௌனம். இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது அதுதான்.

சந்தையில் கயிறு எப்போது கைமாறும்?

மேலப்பாளையம் சந்தைக்குப் போகாதவர்கள் நம் பகுதியில் குறைவு. பக்ரீத் நெருங்கும்போது அங்கே நிற்கவும் இடமிருக்காது. வாங்குபவர் கிடாயின் பல்லைப் பார்ப்பார், முதுகை அழுத்திப் பார்ப்பார், விலையை அடித்துப் பேசுவார், கோபித்துக்கொண்டு நாலு எட்டு நடந்து மறுபடியும் திரும்பி வருவார். விற்பவரும் விட்டுக்கொடுக்க மாட்டார். கடைசியில் பணத்தை எண்ணிப் பையில் வைத்த பிறகுதான் கயிறு கைமாறும்.

இந்தச் சந்தை அறிவு நம் பெரியவர்கள் எல்லோருக்கும் உண்டு. பொருளைப் பார்க்காமல், பேரம் பேசாமல், கேட்ட விலையை அப்படியே தருகிறேன் என்று ஒருவர் சந்தையில் வந்து நின்றால், விற்பவருக்கு முதலில் சந்தேகம்தான் வரும். அதே ஆள் கைப்பேசி வழியாக வந்தால் 'நல்ல மனுஷன்' என்று நினைத்துவிடுகிறோம். இணையத்தில் விற்பதும் சந்தையில் விற்பதுதான். அங்கே காட்டும் நிதானத்தை இங்கேயும் காட்ட வேண்டும்.

மனனம் செய்ய வேண்டிய ஒரே விதி

யூபிஐ என்னும் பணப் பரிமாற்ற முறை 2016இல் நம் நாட்டில் அறிமுகமானது. ஜி-பே, போன்-பே, பேடிஎம் எல்லாம் இதன் மேல் ஓடும் செயலிகள்தான். இதில் பின் நம்பர் என்பது வீட்டுச் சாவி போன்றது. நம் கணக்கிலிருந்து பணம் வெளியே போகவும், இருப்பு எவ்வளவு என்று பார்க்கவும்தான் அது தேவை. பணம் உள்ளே வர அது தேவையே இல்லை.

கியூஆர் குறியீடும் அப்படித்தான். அந்தக் கறுப்பு வெள்ளைக் கட்டத்துக்குள் இருப்பது பணம் பெறுபவரின் யூபிஐ முகவரி. சில நேரம் தொகையும் சேர்ந்திருக்கும். அதை ஸ்கேன் செய்பவர் பணம் கொடுப்பவர். டீக்கடையில் அட்டையை மாட்டி வைத்திருப்பவர் கடைக்காரர். ஸ்கேன் செய்வது நாம். பணம் போவது அவருக்கு. நாம் பொருளை விற்கும்போது கடைக்காரரின் இடத்தில் இருப்பது நாம்தான். வாங்க வந்தவர் நமக்குக் குறியீடு அனுப்பி ஸ்கேன் செய்யச் சொன்னால், அவர் நம்மிடம் பணம் கேட்கிறார் என்று பொருள்.

ஆகவே வீட்டில் எல்லோரும் மனனம் செய்ய வேண்டியது ஒன்றுதான்: பணம் வாங்குபவர் ஸ்கேன் செய்ய வேண்டியதில்லை, பின் நம்பர் போட வேண்டியதில்லை, எந்தப் பொத்தானையும் அழுத்த வேண்டியதில்லை. யூபிஐ முகவரியையோ, செயலியோடு இணைந்த கைப்பேசி எண்ணையோ சொன்னால் போதும். பணம் தானாக வந்து சேரும்.

முன்பெல்லாம் இந்த மோசடிக்காரர்கள் 'பணம் தா' என்னும் கோரிக்கையைச் செயலி வழியாகவே அனுப்பி, 'பணம் வந்திருக்கிறது, ஏற்றுக்கொள்ளுங்கள்' என்று நம்பவைத்தார்கள். தனிநபர்களுக்கு இடையிலான அந்தக் கோரிக்கை வசதியை, யூபிஐயை நடத்தும் என்.பி.சி.ஐ. நிறுவனம் 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்திவிட்டது. வணிகக் கணக்குகளுக்கு அந்தத் தடை பொருந்தவில்லை. கியூஆர் குறியீடும் இருக்கவே செய்கிறது. ஒரு கதவு மூடப்பட்டது என்பதற்காக அலட்சியமாக இருந்துவிட முடியாது.

அவர்கள் வரும் வழிகள்

ஆட்கள் மாறினாலும் கதைகள் பெரும்பாலும் இவைதான்.

1. சீருடைக் கதை. ராணுவம், துணை ராணுவம், விமான நிலையப் பாதுகாப்புப் படை என்று சொல்வார்கள். மக்களுக்கு ராணுவத்தின் மேலுள்ள மரியாதைதான் இவர்களின் முதலீடு. 'பணியில் இருப்பதால் நேரில் வர முடியாது' என்பது வராததற்குக் காரணமாகிவிடும். 'ராணுவக் கணக்கில் நீங்கள் முதலில் அனுப்பினால்தான் இரண்டு மடங்காகத் திரும்பும்' என்பார்கள். அப்படி ஒரு விதி எந்த ராணுவத்திலும் இல்லை. அனுப்பப்படும் அடையாள அட்டைகள் போலியாகவோ, ஏற்கெனவே யாரிடமோ ஏமாற்றி வாங்கியவையாகவோ இருக்கும்.

2. மொத்த ஆர்டர். பழைய பொருள் விற்பவர்களோடு இது நிற்பதில்லை. தாமிரபரணிக் கரைக் கோரையில் பாய் நெய்யும் பத்தமடைக் குடும்பங்கள், வாட்ஸ்அப்பில் புர்கா, பிரியாணி, பலகாரம் விற்கும் நம் சகோதரிகள் எல்லோருமே குறிவைக்கப்படக் கூடியவர்கள். 'முகாமுக்கு ஐம்பது பாய் வேண்டும்', 'நூறு பேருக்குச் சாப்பாடு வேண்டும்' என்று ஆர்டர் வரும். பாயை நெய்தும் சாப்பாட்டைச் சமைத்தும் வைத்த பிறகு, முன்பணம் அனுப்புவதாகக் கியூஆர் குறியீடு வரும், அல்லது வங்கி அட்டையின் இருபக்கப் படத்தையும் கேட்பார்கள். உழைப்பும் பொருளும் வீணாகிவிடுமே என்ற பதற்றத்தில் சிந்திக்க நேரமிருக்காது.

3. 'தவறுதலாக அதிகம் அனுப்பிவிட்டேன்.' 1,000 ரூபாய்க்குப் பதில் 10,000 வந்ததாகக் குறுஞ்செய்தி வரும். உடனே அழைப்பு வரும்: 'ஆஸ்பத்திரிச் செலவுக்கு வைத்திருந்த பணம், மீதி 9,000த்தை அனுப்பிவிடுங்கள்' என்று அழுவார்கள். குறுஞ்செய்தியே போலி. வங்கியின் செய்தி எழுத்துகளால் ஆன பெயரில் வரும், பத்து இலக்கக் கைப்பேசி எண்ணிலிருந்து வராது. எப்படியானாலும் செய்தியை நம்பாமல், செயலியைத் திறந்து இருப்பைப் பார்த்துவிட்டே பதில் சொல்ல வேண்டும்.

4. பொய்ப் படம். பணம் அனுப்பியதுபோலப் பச்சை அடையாளத்தோடு திரைப்படம் காட்டும் போலிச் செயலிகள் உள்ளன. நேரில் வருபவரும் இப்படி ஏமாற்றலாம். அவர் கைப்பேசியில் என்ன தெரிகிறது என்பது முக்கியமல்ல. நம் கணக்கில் வந்ததா என்பதே கேள்வி.

5. கூரியர், லிங்க், செயலி. 'என் ஆள் வந்து எடுத்துக்கொள்வான், காப்பீட்டுத் தொகையை மட்டும் நீங்கள் கட்டுங்கள்' என்பார்கள். 'பணம் பெற இந்த லிங்கில் அட்டை எண்ணைப் போடுங்கள்' என்பார்கள். எனிடெஸ்க் போன்ற, நம் திரையை அடுத்தவர் பார்க்க உதவும் செயலியை நிறுவச் சொல்வார்கள். அந்தச் செயலியின் வழியாக மோசடி நடப்பதை 2019லேயே ரிசர்வ் வங்கி எச்சரித்தது. வாங்குபவர் அனுப்பும் எதையும் நம் கைப்பேசியில் நிறுவ வேண்டிய தேவை விற்பவருக்குக் கிடையாது.

6. மூன்றாவது ஆளின் பணம். இது கொஞ்சம் நுட்பமானது. பணம் உண்மையாகவே நம் கணக்கில் வரும், பொருளையும் கொடுத்துவிடுவோம். ஆனால் அதை அனுப்பியவர் பொருளை வாங்கியவர் அல்ல. வேறெங்கோ ஏமாற்றப்பட்ட ஒருவர். அவர் புகார் கொடுத்ததும், திருட்டுப் பணம் வந்த கணக்கு என்று நம் கணக்கு முடக்கப்படும். நாம் குற்றமற்றவர் என்று நிரூபிக்க வேறு மாநிலக் காவல் நிலையத்தோடு அலைய வேண்டியிருக்கும். எனவே பணம் அனுப்பியவரின் பெயரும் எதிரில் நிற்பவரின் பெயரும் ஒன்றா என்று பாருங்கள். இல்லையென்றால் மென்மையாகக் காரணம் கேளுங்கள்.

வெளிநாட்டில் வாழும் பிள்ளைகளுக்கு இன்னொன்று. அமெரிக்கா, கனடா போன்ற நாடுகளில் விலையைவிட அதிகத் தொகைக்குக் காசோலை அனுப்பி, மீதியைத் திருப்பிக் கேட்பார்கள். வங்கி முதலில் பணத்தைக் கணக்கில் காட்டிவிடும். காசோலை போலி என்பது பல நாட்கள் கழித்துத் தெரியும். அப்போது முழுத்தொகையும் விற்றவர் தலையில் விழும்.

படித்தவர்களும் ஏமாறுகிறார்கள்

நமக்கு விவரம் போதாது, அதனால்தான் ஏமாந்தோம் என்று பல சகோதரிகள் குமைகிறார்கள். 2021 பிப்ரவரியில், அப்போது டெல்லி முதல்வராக இருந்த அரவிந்த் கெஜ்ரிவாலின் மகளே இப்படி ஏமாற்றப்பட்டார். பழைய சோபாவை இணையத்தில் விற்க முயன்றார். வாங்குவதாகச் சொன்னவர் முதலில் சிறு தொகை அனுப்பி நம்பிக்கை ஏற்படுத்தினார். பிறகு குறியீடு வந்தது. 20,000 ரூபாய் போனது. 'தவறான குறியீட்டை அனுப்பிவிட்டேன்' என்று இன்னொன்று வந்தது. மேலும் 14,000 போனது. நம் மஹல்லாவில் நடந்ததும் இதே வரிசையில்தான். ஆனால் அங்கே உடனே காவல்துறையிடம் சொன்னார்கள், சந்தேக நபர்கள் கைதும் செய்யப்பட்டார்கள். ஒரு முதல்வரின் வீட்டில் நடந்தது நம் வீட்டில் நடப்பதில் என்ன வெட்கம்?

சலாம் சொன்னால் போதுமா?

இன்னொரு விஷயத்தையும் மனம் திறந்து பேச வேண்டும். விளம்பரத்தில் நம் பெயரைப் பார்த்துவிட்டு, அழைப்பவர் 'அஸ்ஸலாமு அலைக்கும்' என்று தொடங்கினால் நம் உஷார் பாதி தளர்ந்துவிடும். 'நம்ம ஆளு' என்று நினைப்போம்.

2023 ஏப்ரலில் ஹரியானாவின் நூஹ் மாவட்டத்தில் ஏறத்தாழ 5,000 போலீசார் ஒரே இரவில் 14 கிராமங்களில் சோதனை நடத்தி, இணைய மோசடிக் கும்பல்களைச் சேர்ந்த பலரைப் பிடித்தனர். மேவாத் என்று நாம் அறிந்த பகுதி அது. தப்லீக் பணி தொடங்கிய மண். சிலர் செய்த குற்றத்தை ஊரின் மேல், அதுவும் சமுதாயத்தின் மேல் எழுதுவது அநீதி. இத்தகைய கும்பல்கள் வேறு பல மாநிலங்களிலும், எல்லாச் சமூகங்களிலும் உள்ளன. ஆனால் பெயரும் சலாமும் ஒருவரின் நாணயத்துக்குச் சான்றாகாது என்பதை இதிலிருந்து நாம் கற்றுக்கொள்ள வேண்டும். சலாமுக்குப் பதில் சொல்வது கடமை. அவர் சொல்லும் வியாபாரத்தை விசாரிக்காமல் ஏற்பது கடமையல்ல. வரும் செய்தியைத் தீர விசாரிக்கும் ஒழுக்கத்தைச் சூரா ஹுஜுராத்தின் 6ஆவது வசனம் நமக்குக் கற்றுத் தருகிறது. விசாரிப்பது பிறர்மீது கெட்ட எண்ணம் கொள்வதாகாது.

விற்கும்போது கவனிக்க வேண்டியவை

பொருளை நேரில் வந்து பார்த்து வாங்குபவருக்கே விற்பது நல்லது. அதுவும் பகல் நேரத்தில், ஆட்கள் நடமாட்டமுள்ள இடத்தில். கட்டில், பீரோ போன்றவற்றுக்கு வீட்டுக்குத்தான் வரவேண்டியிருக்கும். அப்போது வீட்டில் ஆண்களோ பக்கத்து வீட்டாரோ உடன் இருக்கும் நேரத்தைச் சொல்லுங்கள். விளம்பரத்தில் வீட்டு முகவரியையோ, கணவர் வெளிநாட்டில் இருக்கிறார் என்பதையோ எழுத வேண்டாம்.

வங்கியில் தனியாக ஒரு சிறு கணக்கு வைத்து, அதில் குறைந்த தொகையை மட்டும் விட்டு, விற்பனைக்கு அதையே பயன்படுத்தலாம். தவறு நடந்தாலும் சேமிப்பு தப்பும்.

பைக் விற்பவர்கள், ஓட்டிப் பார்க்கிறேன் என்று தனியாக எடுத்துச் செல்ல விடாதீர்கள். ஓட்டிப் போனவர் திரும்பாத சம்பவங்கள் உண்டு. விற்றதும் படிவம் 29, 30 இரண்டையும் நிரப்பிப் பெயர் மாற்றத்தை முடித்துவிடுங்கள். இல்லையென்றால் அந்த வண்டி விபத்தில் சிக்கினால் உங்கள் பெயர்தான் வரும். கைப்பேசி விற்றால், கூகுள் கணக்கை நீக்கி, உள்ளிருப்பவற்றை முழுமையாக அழித்து, சிம்மையும் மெமரி கார்டையும் எடுத்துவிட்டுக் கொடுங்கள். குடும்பப் பெண்களின் படங்கள் அதில் இருக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொல்லும் வசனம் (அல்பகரா 282) குர்ஆனிலேயே நீளமானது. எழுத்தின் பயனை இதைவிட எப்படி உணர்த்த முடியும்? பெரிய தொகைக்கு விற்கும்போது, இன்ன பொருள், இன்ன தேதி, இன்ன விலை என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். நாளை ஒரு புகார் வந்தால் அந்தத் தாள்தான் பேசும்.

நம் பக்கமும் நாணயம் வேண்டும். சந்தையில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு, அடியில் ஈரம் இருப்பதைக் கண்டு, அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வியாபாரியைக் கண்டித்தார்கள் நபி (ஸல்) அவர்கள். மோட்டார் பழுதான வாஷிங் மெஷினை 'நன்றாக ஓடுகிறது' என்று எழுதினால், நாமும் ஏமாற்றுபவர் பட்டியலில் சேர்ந்துவிடுகிறோம்.

பணம் போய்விட்டால்

முதலில் 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். எந்த நேரமும் அழைக்கலாம். மத்திய உள்துறையின் இணையக் குற்றத் தடுப்பு அமைப்பு நடத்தும் எண் இது. புகார் பதிவானதும் தகவல் வங்கிகளுக்குப் போகும். பணம் யார் கணக்கில் நிற்கிறதோ அங்கேயே அதை நிறுத்திவைப்பார்கள். மோசடிக்காரர்கள் பணத்தைக் கணக்கு மாற்றிக் கணக்கு தள்ளி ஏ.டி.எம்.மில் எடுத்துவிடுவார்கள். அதற்கு முன் நாம் முந்த வேண்டும். ஒவ்வொரு நிமிடமும் கணக்குத்தான். நிறுத்திவைக்கப்பட்ட பணத்தை நீதிமன்ற உத்தரவு வழியாகத் திரும்பப் பெறலாம்.

அழைக்கும்போது தொகை, தேதி, நேரம், எதிராளியின் எண், யூபிஐ முகவரி, பரிவர்த்தனையின் 12 இலக்க எண் ஆகியவை கையில் இருக்கட்டும். உரையாடல்களைக் கோபத்தில் அழித்துவிடாதீர்கள், அவைதான் சாட்சி.

அடுத்து வங்கிக்குச் சொல்லுங்கள். வங்கியின் எண்ணைக் கூகுளில் தேட வேண்டாம், அங்கே போலி எண்கள் கிடக்கின்றன. அட்டையின் பின்புறத்தில் உள்ள எண்ணை அழையுங்கள். ரிசர்வ் வங்கியின் 2017ஆம் ஆண்டு விதிப்படி, வாடிக்கையாளரின் கவனக்குறைவால் பணம் போயிருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும்வரை ஏற்படும் இழப்பு அவருடையது. தெரிவித்த பிறகு ஏற்படுவது வங்கியுடையது. தாமதம் எவ்வளவு விலை உயர்ந்தது என்பதற்கு இதுவே போதும்.

தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் புகாரைப் பதியுங்கள். திருநெல்வேலியில் மாநகரத்துக்கும் மாவட்டத்துக்கும் தனித்தனியே சைபர் கிரைம் காவல் நிலையங்கள் உள்ளன, நேரிலும் போகலாம். கணினி வழி ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66டி பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறைக்குரிய குற்றம். பணம் போகாமல் தப்பிவிட்டாலும், சந்தேக அழைப்பை 'சஞ்சார் சாத்தி' தளத்தின் 'சக்ஷு' பகுதியில் தெரிவிக்கலாம். அடுத்த வீட்டாரைக் காப்பாற்றிய நன்மை கிடைக்கும்.

'போன பணத்தை மீட்டுத் தருகிறேன், கட்டணம் கட்டுங்கள்' என்று பிறகு யாராவது அழைத்தால், அது இரண்டாவது மோசடி.

இளைஞர்களுக்கும் ஒரு சொல். 'உன் வங்கிக் கணக்கைக் கொடு, வரும் பணத்தில் கமிஷன் தருகிறோம்' என்று யாராவது கேட்டால், இப்படிப் பறித்த பணத்தை மறைக்கத்தான் கேட்கிறார்கள். அந்தக் கமிஷன் ஹராம். வழக்கும் முதலில் கணக்கின் சொந்தக்காரர் மேல்தான் வரும்.

வீட்டில் திட்டாதீர்கள்

கடைசியாகக் குடும்பத் தலைவர்களிடம் ஒரு வேண்டுகோள். மனைவியோ மகளோ தாயோ ஏமாந்துவிட்டேன் என்று வந்து நின்றால், 'உனக்கு எதுக்கு இந்த வேலை?' என்று தொடங்காதீர்கள். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் பத்து நாள் மறைக்கிறார்கள். 'பரவாயில்லை, வா, 1930க்கு அடிப்போம்' என்று சொல்லுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் இன்றைக்கே போனில் பேசும்போது, 'எது நடந்தாலும் முதல்ல என்கிட்ட சொல்லு' என்று ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் 1930 என்ற எண்ணைப் பெரிதாக எழுதிவைக்க ஜமாஅத்தார் ஏற்பாடு செய்யலாம்.

அந்த இளைஞரை அன்று மாலையே ராத்தாவை அழைத்துக்கொண்டு புகார் கொடுக்கச் சொன்னோம். கொடுத்துவிட்டார்கள். பணம் இன்னும் வரவில்லை. ஆனால் மச்சானிடம் சொல்லியாகிவிட்டது. அவர் கோபிக்கவில்லையாம். 'இத மொதல்லயே சொல்லியிருக்கலாமே' என்று மட்டும் கேட்டாராம்.

ஹலாலாக உழைத்துச் சேர்த்த நம் பொருளை அல்லாஹ் பாதுகாப்பானாக! பிறர் பொருளுக்கு ஆசைப்படுவதிலிருந்து நம் பிள்ளைகளையும் காப்பானாக! ஆமீன்.